ஃப்ரேசல் வெர்ப் அட்டைப் பெட்டி: கலைத்துப் போட்டால்தான் பயன்

தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது மகளுக்காக வாங்கியது. உள்ளே 180 அட்டைகள். முன்பக்கம் ஒரு ஃப்ரேசல் வெர்ப், அதாவது ஒரு வினையோடு ஆஃப், அப் மாதிரி சிறு சொல் சேர்ந்து தனிப் பொருள் தரும் தொடர், பின்பக்கம் அதற்கு ஈடான ஒற்றை ஆங்கிலச் சொல், தமிழ்ப் பொருள், கீழே பொடி எழுத்தில் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். கூடவே பத்து வெற்று அட்டைகள், பெட்டிக்குள் மூன்று தடுப்புகள். அட்டை நல்ல கனம், ஆறு வாரம் புரட்டியும் ஓரம் மடங்கவில்லை.

குறை இருப்பது அடுக்கிய விதத்தில். வினைச்சொல் வாரியாக நிறம் பிரித்திருக்கிறார்கள், புட் எல்லாம் நீலம், லுக் எல்லாம் பச்சை, டேக் எல்லாம் மஞ்சள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் புட் ஆஃப், புட் அவுட், புட் ஆன், புட் அப் வித் என்று நான்கையும் ஒரே மூச்சில் படிக்கிற பிள்ளைக்கு எது தள்ளிப்போடுவது, எது அணைப்பது, எது அணிவது, எது பொறுத்துக்கொள்வது என்று எப்படித் தங்கும்? முதல் வாரமே தீயணைப்பு வீரர்கள் தீயைத் தள்ளிப்போட்டார்கள் என்று பொருள் வரும்படி ஒரு வாக்கியம் எழுதிக்கொண்டு வந்தாள். நான் சிரித்துவிட்டேன், அவள் அன்றைக்கு முழுக்க என்னிடம் பேசவில்லை. வேடிக்கை என்னவென்றால் அட்டையைக் காட்டிக் கேட்டால் எல்லாம் சரியாகச் சொல்வாள், ஏனென்றால் நீலக் கட்டுக்குள் முதலாவது இது, இரண்டாவது இது என்று வரிசையைத்தான் மனப்பாடம் செய்திருந்தாள், சொல்லை இல்லை. அப்புறம் 180 அட்டைகளையும் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் போட்டோம். அதற்குப் பிறகுதான் பெட்டி வேலை செய்ய ஆரம்பித்தது.

தமிழ்ப் பொருள் சில இடங்களில் அருமை, சில இடங்களில் கண்ணை மூடிக்கொண்டு எழுதியது போல் இருக்கிறது. பிரிங் அப் என்பதற்கு ‘மேலே கொண்டு வா’ என்று மட்டும் போட்டிருக்கிறார்கள், பிள்ளையை வளர்ப்பது என்கிற பொருளே இல்லை, தேர்வில் அதைத்தான் கேட்பார்கள். தமிழை ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும் என்பது என் ஆதங்கம். நம்மிடமும் இதே சங்கதி இருக்கிறதே! கண்டுபிடி என்றால் கண்டு, பிறகு பிடிப்பதா என்ன? விட்டுக்கொடு, கைவிடு இதெல்லாம் தனித்தனியாகப் பிரித்தால் வேறு, சேர்த்தால் வேறு. புட் ஆஃப் என்பதும் தள்ளிப்போடு என்பதும் கிட்டத்தட்ட ஒரே அச்சு. ‘கைவிடுறதுதானேப்பா கிவ் அப்?’ என்று மகள் தானாகவே கேட்டாள். அன்றைக்குத்தான் அவளுக்கு இதன் மேல் இருந்த பயம் விட்டது.

இன்னொரு பெரிய ஓட்டை. எந்த வினையைப் பிரிக்கலாம், எதைப் பிரிக்கக் கூடாது என்று அட்டையில் எந்தக் குறியும் இல்லை. டர்ன் ஆஃப் த லைட், டர்ன் த லைட் ஆஃப் இரண்டும் சரி. லைட் போய் இட் வந்துவிட்டால் டர்ன் இட் ஆஃப் மட்டும்தான், டர்ன் ஆஃப் இட் என்று எழுதினால் தவறு. லுக் ஆஃப்டர் என்பதையோ பிரிக்கவே முடியாது. நாங்கள் சிவப்புப் பேனாவால் பிரியும் அட்டைகளில் எல்லாம் ஒரு கத்தரிக்கோல் படம் வரைந்துகொண்டோம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போயிற்று. அச்சடிக்கும்போதே போட்டிருக்கலாம்.

அட்டைக்கு ஒரு பொருள் என்று வைத்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. டேக் ஆஃப் என்றால் விமானம் கிளம்புவதும் உண்டு, சட்டையைக் கழற்றுவதும் உண்டு. கோ ஆஃப் இன்னும் மோசம், லைட் வென்ட் ஆஃப் என்றால் விளக்கு அணைந்தது, அலாரம் வென்ட் ஆஃப் என்றால் மணி அடித்தது. ஒரே சொல், ஒன்றில் நிற்கிறது, இன்னொன்றில் தொடங்குகிறது. இதை அட்டையில் சொல்லாமல் விட்டால் பிள்ளை ஆஃப் என்றாலே நிற்பது என்று நினைத்துக்கொண்டு தேர்வுக்குப் போகும்.

பாராட்ட வேண்டியது அந்த மூன்று தடுப்புகளை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தப்பாகச் சொன்னால் மறுபடி முன்னறைக்கு வரும். முன்னறையைத் தினமும், நடுவறையை மூன்று நாளுக்கு ஒருமுறை, கடைசியை வாரம் ஒருமுறை புரட்டினோம். செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1970களில் பரப்பிய பழைய முறைதான், செயலிகளில் கூட இப்போது இதன் சாயல் இருக்கிறது. தெரிந்ததையே திரும்பத் திரும்பப் படித்துத் திருப்திப்பட்டுக்கொள்ளும் பழக்கம் இதனால் குறைந்தது.

தேர்வில் அடிக்கோடிட்ட சொல்லுக்குப் பதிலாக ஃப்ரேசல் வெர்ப் எழுதச் சொல்வார்கள், அங்கே காலம் மாறாமல் எழுத வேண்டும். கேன்சல்ட் என்று இருந்தால் கால்ட் ஆஃப், வெறும் கால் ஆஃப் இல்லை. பின்பக்கத்தில் கேன்சல் என்று மூலவடிவம் மட்டும் இருப்பதால் மகள் நான்கைந்து மாதிரித் தாள்களில் இதிலேயே மதிப்பெண் விட்டாள். அதனால் பத்து வெற்று அட்டைகளையும் அவள் தவறவிட்ட வாக்கியங்களுக்கே ஒதுக்கினோம், முன்பக்கம் கோடிட்ட இடத்தோடு முழு வாக்கியம், பின்பக்கம் விடை. பத்தும் நாலே நாளில் தீர்ந்துவிட்டது, பழைய நோட்டு அட்டைகளை வெட்டி இன்னும் முப்பது செய்துகொண்டோம். கடைசி வாரத்தில் அவள் கையில் எடுத்துக்கொண்டு அலைந்தது அந்த முப்பதைத்தான்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். அதில் ஒன்று தடுப்புகளுக்கு, ஒன்று அட்டையின் கனத்துக்கு, இன்னொன்று வெற்று அட்டைகளுக்கு.