பீமர் ஸ்லைடில் எழுத்தை நிறுத்துவது: கொலம்ஸா, டிக்ஸா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கொலம்ஸ் பக்கம். கணித ஆவணங்களைக் கட்டளைகளால் எழுதுகிற லேடெக் மென்பொருளின் ஸ்லைட் பொதியான பீமரில் வேலை செய்கிறவர்களுக்கு எழுத்தையும் படத்தையும் சமன்பாட்டையும் நினைத்த இடத்தில் நிறுத்த நாலைந்து வழி இருந்தாலும், உண்மையான போட்டி இரண்டுக்குத்தான். ஒன்று, கொலம்ஸ் சூழலால் பக்கத்தைப் பிரித்து அதற்குள் எழுத்தை ஓடவிடுவது. மற்றது, படம் வரைகிற டிக்ஸ் பொதியையோ, இடம் குறித்து எழுத்தை வைக்கிற டெக்ஸ்ட்பொஸ் பொதியையோ வைத்துப் பக்கத்தின் மூலையிலிருந்து இத்தனை மில்லிமீற்றரில் இது என்று அளந்து வைப்பது. நான் கொழும்பில் உயர்தர இணைந்த கணிதம் தமிழ் மொழிமூலமும் ஆங்கில மொழிமூலமும் எடுக்கிறேன். என் கோப்பையே சிங்கள மொழிமூலம் எடுக்கும் நண்பர் ஒருவரும் வாங்கித் தன் வகுப்புக்கு மாற்றிக்கொள்கிறார். ஒரே பாடம், மூன்று மொழி, இரண்டு விதத் திரை. இந்த நிலைமையில் இருக்கிற ஒருவனின் முடிவு இது. ஒரு மாநாட்டுக்கு ஒரு தடவை ஸ்லைட் செய்துவிட்டு மறந்துபோகிறவருக்குக் கணக்கு வேறு.

எளிதில் முடிகிற விஷயங்களை முடித்துவிடுவோம். இருபக்கமும் நேராக்குவதா, இடப்பக்கம் மட்டுமா? பீமர் தானாகவே இடப்பக்கத்தை மட்டும் நேராக வைத்து வலப்பக்கத்தை அதன் போக்கில் விடும், அப்படியே விடுங்கள். ராகட்2இ பொதியை ஏற்றி ஜஸ்டிஃபையிங் கட்டளை போட்டால் இருபக்கமும் நேராகும்தான், ஆனால் வரிக்கு மூன்று தமிழ்ச் சொல் விழுகிற ஒடுங்கிய கொலத்தில் அதைச் செய்தால் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே காலி வீதி பஸ்ஸே போகும். டேபியுலர்? நிஜமான அட்டவணைக்கு நல்லது, பக்க அமைப்புக்கு வேண்டாம். அதன் பத்திக் கட்டத்துக்குள் ஒரு புள்ளிப் பட்டியலைப் போட்டவுடன் மேலே வேண்டாத இடைவெளி வந்து உட்காரும், பிறகு அதைக் கழிக்க இன்னொரு கட்டளை. பக்கத்துக்குள் சின்னப் பக்கம் போன்ற பெட்டியான மினிபேஜ்? பீமரின் கொலத்துக்குள் இருப்பதே மினிபேஜ்தான், ஆகவே நேராக அதை எழுதுவதில் தனி லாபம் எதையும் நான் பார்க்கவில்லை.

தமிழ் ஸ்லைட் என்றால் இன்னொன்று: ஸீலேடெக்கில் கொம்பைல் செய்யுங்கள், அதாவது கோப்பை அதைக்கொண்டு பிடிஎஃப் ஆக்குங்கள், லுவாலேடெக் என்றால் எழுத்துருவுக்கு ஹார்ஃபஸ் ரெண்டரரைத் தெரிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய இடத்தில் பின்னால் நிற்கும், அதற்குப் பிறகு எதை எங்கே நேராக்கி என்ன.

சரி, டிக்ஸுக்கு வருவோம். பீமர், டிக்ஸ் இரண்டையும் தொடங்கிவைத்தவர் ஒரே ஆள், டில் டான்டாவ். 2003இல் தன் கலாநிதிப் பட்ட ஆய்வை முன்வைக்கத்தான் பீமரின் முதல் வடிவத்தைச் செய்தார். எனவே இரண்டும் எதிரிகள் இல்லை, ஒன்றுக்குள் ஒன்று நன்றாகவே ஓடும். ரிமெம்பர் பிக்சர், ஓவர்லே என்ற இரண்டு ஒப்ஷனையும் போட்டுவிட்டால் நடப்புப் பக்கத்தின் எந்த மூலையையும் பிடித்து எதையும் எங்கும் வைக்கலாம். இரண்டு தடவை கொம்பைல் செய்ய வேண்டும், முதல் தடவை இடம் தவறி நிற்கும், அவ்வளவுதான். கரடான சாய்தளம் ஒன்றில் துணிக்கை இருக்கிறது, விசைகளைக் குறித்த படம் நடுவில், இயக்கச் சமன்பாட்டில் உள்ள உராய்வு உறுப்பிலிருந்து படத்தில் உள்ள அம்புக்குறிக்கு ஒரு வளைகோடு போக வேண்டும் என்றால் கொலம்ஸ் அதைச் செய்யாது, டிக்ஸ்தான் செய்யும். முதல் ஸ்லைடில் மூலையில் லோகோ, பக்கம் முழுக்க ஒரு படம் வைத்து அதன் மேல் ஒரு வரி, இவையும் அதன் வேலைதான். அன்றைக்கு அந்த ஸ்லைடை மட்டும் பார்த்தால் டிக்ஸால் அளந்து வைத்ததுதான் அழகாகவும் இருக்கும், மறுக்கவில்லை.

பிரச்சினை அடுத்த வருடம் வரும். பீமர் பக்கம் நாம் நினைக்கிற மாதிரி பெரிய தாள் இல்லை, 4:3 விகிதத்தில் 128 மில்லிமீற்றர் அகலம், 96 மில்லிமீற்றர் உயரம். திரையில் முழுதாக விரியும்போதுதான் பெரிதாகத் தெரிகிறது. கோப்பின் முதல் வரியில் விகிதத்தை 16:9 என்று மாற்றினால் 160க்கு 90 ஆகிவிடும். அகலம் 32 மில்லிமீற்றர் கூடுகிறது என்று எல்லோருக்கும் தெரியும், உயரம் 6 குறைகிறது என்பதுதான் கவனத்தில் படாது. மேலிருந்து 92 மில்லிமீற்றரில் வைத்த குறிப்பு 16:9இல் பக்கத்துக்கு வெளியே போய்விடும். இடமிருந்து 100 மில்லிமீற்றரில் வைத்த பெட்டிக்கு வலப்பக்கம் முன்பு 28 மில்லிமீற்றர் இருந்தது, இப்போது 60, பெட்டி ஏதோ நடுவழியில் இறங்கியதுபோல் நிற்கும். எங்கள் மண்டபங்களில் சிலவற்றில் இன்னும் பழைய 4:3 புரொஜெக்டர், ஸூம் வகுப்புக்கும் புதிய டிவித் திரைக்கும் 16:9, ஆக இந்த மாற்றம் எனக்கு வருடத்துக்கு ஒரு தடவை வருகிற விஷயம்கூட இல்லை, வாரத்துக்கு வாரம் வருவது. கொலம்ஸில் அகலத்தை டெக்ஸ்ட்வித்தின், அதாவது எழுத்துப் பகுதி அகலத்தின், 0.48 மடங்கு என்று எழுதியிருப்பதால், இருபக்க ஓரமும் தலா 1 சென்ரிமீற்றர் போக மிஞ்சும் 108இல் ஏறத்தாழ 52 மில்லிமீற்றராகவோ 140இல் 67 மில்லிமீற்றராகவோ அதுவே மாறிக்கொள்கிறது. நான் ஒன்றும் தொடுவதில்லை.

இதற்கு டிக்ஸ்காரர்களிடம் ஒரு பதில் இருக்கிறது, நியாயமான பதில்: எல்லாவற்றையும் இடது மேல் மூலையிலிருந்து அளக்காதே, வலப்பக்கம் நிற்பதை வலது கீழ் மூலையிலிருந்து அள, விகிதம் மாறினாலும் அது ஓரத்தோடு ஒட்டி நகரும். உண்மைதான். ஆனால் மொழி மாறும்போது அந்தப் பதில் உதவாது. ஆங்கிலத்தில் இரண்டு வரியில் முடிகிற ஒரு வரைவிலக்கணம் தமிழில் மூன்றரை வரி போகும், சிங்களத்தில் வேறொரு நீளம். மேல் மூலையில் பிடித்து வைத்த பெட்டி கீழ்நோக்கி வளரும், வளர்ந்து கீழே இருக்கிற சமன்பாட்டின் மேல் ஏறி நிற்கும். கொலத்துக்குள் என்றால் மேலே உள்ளது வளர கீழே உள்ளது தள்ளி இறங்கும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, என்னை ஒரு பக்கம் சாய்த்தது அதுதான். ஓவர்லே ஒப்ஷனோடு வரைந்ததற்கு லேடெக்கின் அடித்தளமான டெக்கின் கணக்கில் அகலமும் இல்லை, உயரமும் இல்லை. ஆகவே அது எதன் மேல் ஏறினாலும், பக்கத்துக்கு வெளியே போனாலும் கொம்பைல் செய்யும்போது உண்டாகிற லொக் கோப்பில் ஒரு எச்சரிக்கைகூட வராது. கொம்பைல் சுத்தமாக முடியும், பிடிஎஃபைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தால்தான் தெரியும். ஃபிரேமுக்குள், அதாவது ஒரு ஸ்லைடுக்குள், சாதாரணமாக ஓடுகிற எழுத்து கூடிப்போனால் ஓவர்ஃபுல் விபொக்ஸ் என்று எத்தனை புள்ளி கூடியது என்பதோடு வரும், கொலத்தின் அகலத்தைவிட நீளமான சொல் இருந்தால் ஓவர்ஃபுல் எச்பொக்ஸ் என்று வரும். லொக்கில் ஓவர்ஃபுல் என்று தேடினால் எந்த ஸ்லைட் கெட்டிருக்கிறது என்று கையில் கிடைக்கிறது. எங்கள் வேலையில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசியுங்கள்: எனக்குச் சிங்களம் பேச வரும், ஆனால் கணிதப் பாடத்தைச் சிங்களத்தில் வாசித்து ஒரு வரி மறைந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க வராது. நண்பருக்குத் தமிழ் அப்படித்தான். இரண்டு பேருக்கும் பொதுவாக வாசிக்க முடிவது லொக் கோப்பு மட்டும்.

கொலம்ஸ் எடுத்தாலும் சும்மா விட்டால் சரிவராது. ஒன்லிடெக்ஸ்ட்வித் என்ற ஒப்ஷனை எப்போதும் போடுங்கள். அது இல்லாவிட்டால் ஓரங்களையும் சேர்த்து முழுப் பக்க அகலத்திலும் கொலங்கள் பரவும், இடது கொலத்தின் தொடக்கம் மேலே உள்ள சாதாரண வரியின் தொடக்கத்தோடு ஓரிரு மில்லிமீற்றர் பொருந்தாமல் நிற்கும். ஏன் ஸ்லைட் கொஞ்சம் கோணலாகத் தெரிகிறது என்று கேட்கிற ஆட்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்பது என் சந்தேகம். அடுத்தது உயரம். ஒன்றும் சொல்லாவிட்டால் இரண்டு கொலத்தையும் ஒன்றுக்கொன்று நடுவில் பொருத்தும், ஒரு பக்கம் இரண்டு வரி, மறுபக்கம் எட்டு வரி என்றால் அந்த இரண்டு வரி நடுவில் மிதக்கும். இரண்டிலும் எழுத்து என்றால் ஆங்கிலச் சின்ன டீ (t) ஒப்ஷன், முதல் வரிகள் இரண்டும் ஒரே மட்டத்தில் வரும். ஒன்றில் எழுத்து, மற்றதில் படம் என்றால் பெரிய டீ (T). சின்ன டீ முதல் வரியின் அடிக்கோட்டைப் பார்க்கிறது, படத்துக்கு அடிக்கோடு என்றால் அதன் கீழ் விளிம்பு, ஆகவே படத்தின் கால் எழுத்தின் முதல் வரியோடு சேர்ந்து படம் மேலே ஏறிவிடும். பெரிய டீ உச்சியைப் பார்க்கும்.

சமன்பாடுகளை நேராக்குவதில் டிக்ஸும் கொலம்ஸும் போட்டியில் இல்லை, அது அலைன் சூழலின் வேலை. ஆனால் படிப்படியாகக் காட்டும்போது ஒரு சிக்கல் வரும். அடுத்த படிவரை நிறுத்திவைக்கும் போஸ் கட்டளை அலைனுக்குள் வேலை செய்யாது, உடனே ஆட்கள் ஒன்லி கட்டளைக்குப் போகிறார்கள். ஒன்லி மறைத்த வரிக்கு இடம் ஒதுக்காது, நீளமான வரி வெளியே வருகிற நேரம் நடுவில் நிறுத்திய முழுத் தொகுதியும் பக்கவாட்டில் நகரும், பின்வரிசைப் பிள்ளைகளுக்கு அது தலைசுற்று. அன்கவர் போடுங்கள், மறைத்தாலும் இடத்தை வைத்திருக்கும். ஒன்றின் இடத்தில் இன்னொன்று வரத்தான் வேண்டும் என்றால் ஓவர்லேஏரியா சூழலில் உயரத்தைச் சொல்லி அதற்குள் மாற்றுங்கள். இன்னும் ஒன்று, பீமர் ஃபிரேமின் உள்ளடக்கத்தை உயரத்தில் நடுவில் நிறுத்துவது வழக்கம், அதனால் ஒரே கணக்கின் அடுத்தடுத்த ஸ்லைடுகளில் முதல் வரி ஒவ்வோர் இடத்தில் தொடங்கும். கோப்பின் முதல் வரியில் பீமருக்குக் கொடுக்கிற ஒப்ஷனில் சின்ன டீயைப் போட்டால் எல்லாம் மேலிருந்தே தொடங்கும். கொலம்ஸும் அதையே பின்பற்றும். பாடத்துக்கு நான் அதுதான் வைத்திருக்கிறேன், ஒரே ஒரு தேற்றம் மட்டும் நிற்கிற ஸ்லைடுக்கு மட்டும் நடுவுக்குத் திரும்புவேன்.

லேடெக்குக்கு மாற்றாக வந்திருக்கும் டைப்ஸ்டைப் பற்றிக் கேட்பீர்கள். 2023இல் திறந்த மூலமாக வெளிவந்தது, ஸ்லைடுக்கு டௌயிங், பொலிலக்ஸ் என்று பொதிகள் இருக்கின்றன. கிரிட் என்று எழுதி ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று அகலத்தைப் பிரித்தால் 0.48 கணக்கே வேண்டாம், இடைவெளியையும் அதுவே கழித்துக்கொள்ளும். கொம்பைல் நேரம் பீமரோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. நேர்மையாகச் சொன்னால் என் ஸ்லைட் அமைப்பை இன்றைக்குப் புதிதாகத் தொடங்குவதாக இருந்தால் அதைத்தான் முதலில் பார்ப்பேன். ஆனால் நான் அதில் செய்தது சின்னச் சின்னத் துண்டுகள்தான், ஒரு முழுப் பாடத்தை மூன்று மொழியில் வைத்து இழுத்துப் பார்த்ததில்லை. சேர்ந்து வேலை செய்கிறவர் பீமரில் இருக்கும்வரை நான் மட்டும் மாறுவதிலும் அர்த்தமில்லை.

ஏற்கெனவே டிக்ஸால் செய்த பழைய கோப்பு கையில் இருந்தால் முழுவதையும் உட்கார்ந்து மாற்றத் தேவையில்லை. எந்த ஸ்லைட் இன்னொரு மொழிக்கோ இன்னொரு விகிதத்துக்கோ போகிறதோ, அதை மட்டும் அந்த நேரத்தில் கொலம்ஸுக்குக் கொண்டுவாருங்கள். விசைப் படங்களை டிக்ஸிலேயே விடுங்கள், அந்தப் படத்தை ஒரு கொலத்துக்குள் வைத்து ஓவர்லே ஒப்ஷனை எடுத்துவிட்டால் அதற்கும் அகல உயரம் வந்து எச்சரிக்கையும் வரத் தொடங்கும். மாநாட்டுக்கு ஒரே ஒரு தடவை, ஒரே மொழியில் காட்டப்போகிறவர் டிக்ஸிலேயே இருக்கலாம், ஆனால் மண்டபத்துத் திரை 4:3ஆ 16:9ஆ என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.