‘இந்த 640 ரூபாய் யார் அனுப்பியது?’: சிறுதொழிலுக்கான மலிவு விலை இணையக் கருவிகள், ஒரு மதிப்பீடு

கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் வீட்டின் பின்கட்டில் நானும் என் அண்ணியும் கொள்ளுப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, இட்லிப் பொடி ஆகியவற்றைத் தயாரித்து விற்கத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வறுப்பதும் அரைப்பதும் அண்ணியின் பொறுப்பு. ஆர்டர், கணக்கு, பார்சல் ஆகியவை என் பொறுப்பு. இந்தக் காலத்தில் கட்டணமில்லாத அல்லது குறைந்த கட்டணமுள்ள இணையக் கருவிகள் பலவற்றைப் பயன்படுத்திப் பார்த்து, சிலவற்றை வைத்துக்கொண்டோம், மற்றவற்றைக் கைவிட்டோம். ஒரு கருவியில் எத்தனை வசதிகள் இருக்கின்றன என்று நான் எண்ணுவதில்லை. இரவு எட்டு மணிக்கு மறுநாள் பார்சல்களைக் கட்ட உட்காரும்போது, வங்கிக் கணக்கில் வந்து கிடக்கும் 640 ரூபாய் யார் அனுப்பியது, எந்த ஆர்டருக்கு உரியது என்ற கேள்விக்கு அது எவ்வளவு விரைவாக விடை தருகிறது என்பதே என் அளவுகோல்.

வாட்ஸ்அப் பிசினஸ் இல்லாமல் எங்கள் தொழில் ஒரு நாள்கூட நடக்காது. 2018இல் வெளிவந்த இச்செயலிக்குக் கட்டணம் இல்லை; பொருள் பட்டியலில் 500 பொருள்கள் வரை படத்துடனும் விலையுடனும் சேர்க்கலாம்; ஒரே எண்ணை என் கைப்பேசியிலும் அண்ணியின் கைப்பேசியிலும் இணைத்துப் பயன்படுத்தலாம். சொந்த எண்ணைக் கொடுக்காமல் இதற்கென்று தனி சிம் வாங்கியது நாங்கள் ஆரம்பத்திலேயே சரியாகச் செய்த ஒரு காரியம். ஆனால் ‘பணம் நிலுவை’, ‘பணம் வந்தது’ என்று உரையாடல்களுக்கு ஒட்டும் லேபிள்களை நம்பியே ஆர்டர்களை நடத்திவிடலாம் என்று எண்ணியது தவறாகப் போயிற்று. லேபிளை நாம் வாடிக்கையாளரின் உரையாடலுக்கு ஒட்டுகிறோம். அதே வாடிக்கையாளர் முதல் பார்சல் போய்ச் சேருவதற்குள் இரண்டாவது ஆர்டரைக் கொடுத்துவிட்டால், எந்த லேபிள் எந்த ஆர்டருக்கு உரியது என்பது தெரியாமல் போகிறது. புதிய பொடி வந்திருக்கிறது என்று எல்லோருக்கும் சொல்ல உதவும் பிராட்காஸ்ட் பட்டியலுக்கும் ஒரு வரம்பு உண்டு: ஒரு பட்டியலில் 256 பேர், அவர்களிலும் நம் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். எனவே ஒவ்வொரு பார்சலிலும் ‘எங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்’ என்ற சிறு சீட்டை வைத்து அனுப்புகிறோம்.

பணம் பெறுவதற்கு யுபிஐ கியூஆர் போதும். வங்கிக் கணக்கிலிருந்து வங்கிக் கணக்குக்கு நேரடியாக வரும் தொகைக்கு 2020 ஜனவரி முதல் வணிகரிடம் கட்டணம் பிடிப்பதில்லை என்பது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய சலுகை. ஆயினும் தலைப்பில் உள்ள கேள்வி பிறப்பதும் இங்கேதான். ஆர்டர் கொடுப்பவர் ஒருவராக இருப்பார். பணம் அவருடைய கணவர், மகள், அலுவலகத் தோழி ஆகியோரில் ஒருவரின் கணக்கிலிருந்து வரும். வங்கியின் குறுஞ்செய்தியில் நமக்கு அறிமுகமே இல்லாத ஒரு பெயர் நிற்கும். ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொல்வது இதற்குத் தீர்வாகாது. போலி ஸ்கிரீன்ஷாட்டைத் தயாரிக்கும் செயலிகள் புழக்கத்தில் இருக்கின்றன என்பதால், வங்கிக் கணக்கில் தொகை ஏறியதைப் பார்க்காமல் பார்சலைக் கட்டக் கூடாது. நாங்கள் கண்ட வழி எளியது: ஒவ்வொரு யுபிஐ பரிமாற்றத்துக்கும் 12 இலக்கக் குறிப்பெண் ஒன்று உண்டு, அதன் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் வாடிக்கையாளரிடம் கேட்டுப் பெறுகிறோம். அந்த நான்கு இலக்கங்களையும் வங்கி ஸ்டேட்மென்ட்டையும் ஒப்பிட ஐந்து நிமிடங்களுக்கு மேல் ஆவதில்லை. முன்பு இதே வேலைக்கு முக்கால் மணி நேரமும், அண்ணிக்கும் எனக்கும் இடையே சிறு மனத்தாங்கலும் ஆயின.

அந்த எண் போய்ச் சேரும் இடம் கூகுள் ஷீட்ஸ். நான் பயன்படுத்தியவற்றுள் மிகச் சிறந்த கருவி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்; எந்தத் தொழிலுக்காகவும் தனியாகச் செய்யப்படாத வெறும் கட்டங்களாக இது இருப்பதே இதன் பலம். ஆர்டர் எண், பெயர், பின்கோடு, பொருள், தொகை, குறிப்பெண், அனுப்பிய தேதி, கூரியர் எண் என எட்டுப் பத்திகளே வைத்திருக்கிறோம். கைப்பேசியில் ஷீட்டை நேரடியாகத் திருத்துவது மட்டும் பெரும் தொல்லை: விரல் தவறிப் பட்டால் ஒரு கட்டம் அழிந்துவிடும், அழிந்தது தெரியாமலும் போகும். அதனால் கூகுள் ஃபார்ம்ஸில் ஒரு படிவம் அமைத்து, அதில் பொருள்களைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி செய்தோம். இந்தப் படிவத்தை வாடிக்கையாளருக்கு அனுப்பக் கூடாது என்பது எங்கள் அனுபவம். குரல் பதிவில் ஆர்டர் சொல்லும் பெரியவர்கள் படிவத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். அண்ணி வாட்ஸ்அப்பில் வந்ததைக் கேட்டு அவரே படிவத்தை நிரப்புகிறார். விவரம் ஷீட்டில் தானாகச் சேர்கிறது. ஒரு நாள் அண்ணன் மகன் கைப்பேசியை எடுத்து விளையாடியதில் முகவரிப் பத்தி முழுவதும் மறைந்தது. ஷீட்டின் பழைய நிலைகளைச் சேமித்து வைக்கும் பதிப்பு வரலாற்றில் முந்தைய நாளின் நிலையைத் தேர்ந்தெடுத்து மீட்டுக்கொண்டோம். நோட்டுப் புத்தகத்தில் காபி கொட்டியிருந்தால் அந்த வாரமே போயிருக்கும்.

கூகுள் கணக்குடன் வரும் 15 ஜிபி இடத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றுக்கும் அது பொதுவானது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வாட்ஸ்அப்பின் காப்புப் பிரதியும் இப்போது அதே இடத்தையே எடுத்துக்கொள்கிறது. இடம் நிறைந்துவிட்டால் மின்னஞ்சல் வருவது நின்றுவிடும் என்பதால், தொழிலுக்கென்று தனிக் கணக்கு தொடங்கி, அதில் குடும்பப் படங்கள் ஏறாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

பில் போடுவதற்கு ஜோஹோ இன்வாய்ஸ். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, தென்காசி அருகே மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனத்தின் கருவி என்பதால் எனக்குச் சற்றுப் பாசம் உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கட்டணம் இல்லை; பில் எண்கள் தாமாகவே வரிசையாக வருகின்றன; உணவுப் பொருள் விற்பவர் பில்லில் குறிப்பிட வேண்டிய 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண்ணை ஒருமுறை அடிக்குறிப்பில் சேர்த்துவிட்டால் ஒவ்வொரு பில்லிலும் அச்சாகிவிடுகிறது. மளிகைக் கடைகளுக்கு மொத்தமாகக் கொடுக்கும்போது இந்தப் பில்தான் எங்களுக்கு மதிப்பைக் கொடுத்தது. இதில் சரக்கு இருப்புக் கணக்கு இல்லாததால், எத்தனை கிலோ கொள்ளு மீதமிருக்கிறது என்பதை இன்னமும் ஷீட்டில்தான் பார்க்கிறோம். மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். பெங்களூரு முகவரிக்குப் பில் போட்டால் எந்தக் கருவியும் நம்மைத் தடுப்பதில்லை. ஆனால் சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை ஜிஎஸ்டி பதிவிலிருந்து உள்ள விலக்கு, வரிக்குட்பட்ட பொருளை வெளிமாநிலத்துக்கு விற்கும்போது பொருந்தாது. இது தெரிந்த பிறகு வெளிமாநில ஆர்டர்களை நாங்கள் நிறுத்தி வைத்திருக்கிறோம்.

பொடிப் பொட்டலத்தில் ஒட்டும் லேபிளை வடிவமைக்கக் கேன்வாவின் இலவசப் பதிப்பு பரவாயில்லை. தமிழ் எழுத்துருக்கள் இருக்கின்றன, ஆனால் எழுத்து இடைவெளியைக் கூட்டும் வசதியைத் தமிழில் தொடவே கூடாது. கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கும். அச்சகத்தார் கேட்கும், அச்சு மைகளுக்கு ஏற்ற சிஎம்ஒய்கே வண்ணக் கோப்பு கட்டணப் பதிப்பில் மட்டுமே கிடைப்பதால், திரையில் தெரியும் மிளகாய்ச் சிவப்பு காகிதத்தில் அப்படியே வரும் என்று எதிர்பார்க்காமல், முதலில் ஒரே ஒரு தாள் அச்சிட்டுப் பார்க்க வேண்டும்.

கைவிட்டவற்றுள் முதன்மையானது இணையக் கடை. பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிறுவனத்தில் முதலாண்டுச் சலுகை விலையைப் பார்த்துத் தளம் தொடங்கினோம். புதுப்பிக்கும்போது நான்கு மடங்கு கேட்டார்கள். அதில் இணைத்த, இணையத்தில் பணம் வசூலித்துத் தரும் சேவையான பேமென்ட் கேட்வே நூற்றுக்கு இரண்டு ரூபாயும் அந்தக் கட்டணத்தின் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் பிடித்தது. அதாவது 640 ரூபாய் ஆர்டரில் 15 ரூபாய் 10 காசு, எங்களுக்குப் பொடி அடைக்கும் இரண்டு காலிப் பவுச்சுகளின் விலை. நியாயமாகச் சொன்னால், கேட்வே வழியாக வரும் பணத்தில் யார் அனுப்பியது என்ற குழப்பமே இல்லை. நாளொன்றுக்கு நூறு ஆர்டர்கள் வருபவருக்கு அந்தக் கட்டணம் தகும். எங்களுக்கு வருவது பன்னிரண்டு.

புதிதாகத் தொடங்குபவர்கள், சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை இணையத்தில் தேடும்போது மேலே வரும் முதல் தளத்தை நம்பிவிட வேண்டாம். அரசுத் தளத்தில் அந்தப் பதிவு முழுக்க இலவசம். அதே தோற்றத்தில் தளம் நடத்திப் பணம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை ஷீட்டையும் பில் பட்டியலையும் வங்கி ஸ்டேட்மென்ட்டையும் இறக்கி ஒரு பென்டிரைவில் வைக்கிறோம். ஸ்டேட்மென்ட்டை எக்செல்லில் திறப்பவர்கள் குறிப்பெண் பத்தியை எண்ணாக அல்லாமல் எழுத்தாக வரும்படி முதலிலேயே அமைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் 12 இலக்கங்களும் 1.23E+11 என்பது போன்ற அடுக்குக்குறி வடிவில் சுருங்கிவிடும், நாம் தேடும் கடைசி நான்கு இலக்கங்கள் கண்ணில் படா.