சேலம் பெற்றோர் கவனத்துக்கு: மூளைப் பயிற்சிக்கு 43,500 ரூபாய் கட்டிய கதை

செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். பத்து வருடமாகக் கொடுத்து வாங்குகிறவராக இருந்தாலும் டச் (வெள்ளியின் சுத்தம்) பார்க்காமல் வெள்ளியை உள்ளே விடமாட்டேன். அப்படிப்பட்டவன் என் பையன் விஷயத்தில் எதையும் உரசிப் பார்க்காமல் பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன். புகார் இன்னும் முடியாததால் அந்த மூளைப் பயிற்சி மையத்தின் பெயரை எழுதவில்லை.

பையன் நாலாம் வகுப்பு. "உள்ள போய் ஃபேனை நிறுத்திட்டு, அம்மாகிட்ட டீ கேட்டுட்டு, இடுக்கியை எடுத்துட்டு வா" என்றால் ஃபேனை நிறுத்திவிட்டு வெறுங்கையோடு வந்து நிற்பான். கூட்டல் நன்றாகத் தெரியும். "மனசுல 3" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டுதான் போடுவான், ஆனால் அடுத்த வரிசைக்குப் போவதற்குள் அந்த 3 காணாமல் போயிருக்கும். போர்டில் இருப்பதைப் பார்த்து எழுதினால் பாதி வரிதான் நோட்டுக்கு வரும். டீச்சர் டைரியில் எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார். திமிர் என்று நினைத்து நான் இரண்டு தடவை அடித்தும் இருக்கிறேன்.

அந்த நேரத்தில்தான் பள்ளி வாசலில் நோட்டீஸ் கொடுத்தார்கள். முதல் டெஸ்ட் இலவசம். போனோம். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் (டாக்டர் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது) டேப்லெட்டில் இருபது நிமிடம் ஏதோ விளையாட வைத்துவிட்டு, ஒர்க்கிங் மெமரி 38 சதவீதம் என்று தாளில் அச்சடித்துக் கொடுத்தார். கேட்டதையும் பார்த்ததையும் கொஞ்ச நேரம் மனதில் பிடித்துவைத்துக்கொண்டே வேலை செய்கிற நினைவுக்கு அந்தப் பெயராம். ஐந்து வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், மொத்தம் 25 நாள் பயிற்சி. நினைவு கூடும், மார்க் கூடும், கவனக்குறைவு போய்விடும், டாக்டரிடம் போனால் மாத்திரை கொடுத்து மந்தமாக்கிவிடுவார்கள் என்று அடுக்கினார்கள். ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சி என்று ஒரு ஃபைலையும் காட்டினார்கள். கட்டணம் 54,000. அன்றைக்கே 18,000, மீதி மாதம் 4,000 வீதம் ஒன்பது தவணை. "கையெழுத்து மட்டும் போடுங்க சார்" என்றார்கள். அது மையத்துக்குக் கட்டும் தவணை இல்லை, ஒரு நிதி நிறுவனத்தில் என் பெயரில் எடுத்த கடன் என்று வங்கியில் பணம் பிடித்த பிறகுதான் தெரிந்தது. மையம் பூட்டிக்கொண்டு போனாலும் தவணை நிற்காது.

ஐந்து வாரம் முடிந்தது. 38 என்பது 81 ஆகிவிட்டது. பையனுக்குக் கைதட்டி ஒரு மெடல் போட்டார்கள். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது, மறைப்பானேன். அன்று சாயங்காலம் அதே சந்தோஷத்தில் தெருமுனைக்கு அனுப்பினேன்: தட்டுவடை செட் இரண்டு, ஒன்றில் காரம் வேண்டாம், வரும்போது பால் பாக்கெட் ஒன்று. ஒரே ஒரு செட்டோடு வந்தான், அதுவும் காரம் போட்டது.

அப்புறம்தான் அவன் விளையாடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கட்டங்கள் வரிசையாக மின்னும், அதே வரிசையில் தொடவேண்டும். கடைசி டெஸ்டும் அதுதான். 25 நாள் எதை விளையாடினானோ அதிலேயே பரீட்சை வைத்தால் மார்க் ஏறாமல் என்ன செய்யும்?

அக்கா மகள் கோவையில் உளவியல் படிக்கிறாள். போனில் சொன்னதும், "மாமா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்றாள். அந்த ஸ்வீடன் ஆராய்ச்சி பொய் இல்லையாம். கரோலின்ஸ்கா நிறுவனத்தில் டார்கெல் க்ளிங்பெர்க் என்பவர் 2002-இல் செய்த முதல் ஆய்வில் இருந்த பிள்ளைகளே 14 பேர்தான். 2005-இல் 53 பிள்ளைகளை வைத்துச் செய்தபோது, கவனம் கூடியிருக்கிறது என்று பெற்றோர் சொன்னார்கள். டீச்சர்கள் போட்ட மதிப்பீட்டில் அப்படி மாற்றம் தெரியவில்லை. பயிற்சியில் சேர்த்துவிட்டது பெற்றோர்தானே, அவர்கள் கண்ணுக்குத் தெரியத்தான் செய்யும். எனக்கும் மெடல் போட்ட அன்று தெரிந்ததே! 2013-இல் மெல்பி-லெர்வாக், ஹ்யூம் என்ற இருவர் இப்படிப்பட்ட 23 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பழகிய விளையாட்டிலும் அதைப் போன்றவற்றிலும் கொஞ்ச நாளைக்கு முன்னேற்றம் இருக்கிறது, ஆனால் அது படிப்புக்கோ கணக்குக்கோ கவனத்துக்கோ பரவுவதில்லை என்று முடிவு வந்தது. அமெரிக்காவில் 2016-இல் லுமோசிட்டி என்ற மூளை விளையாட்டு நிறுவனம், ஆதாரமில்லாத விளம்பரம் செய்தது என்ற குற்றச்சாட்டில் வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்டி சமரசம் செய்துகொண்டதாம். மையத்தின் ஃபைலில் இந்தக் கதையெல்லாம் இல்லை.

இடையில் அந்த மையம் நடத்திய ஏற்காடு முகாம் வேறு. மூன்று நாள், 9,500 ரூபாய். இருபது கொண்டை ஊசி வளைவிலும் பையன் வாந்தி எடுத்ததுதான் மிச்சம். கண்ணைக் கட்டிக்கொண்டு கலர் பேப்பரைச் சொல்லும் வித்தை கற்றுக்கொண்டு வந்தான். மூக்கோரம் இருக்கிற இடுக்கு வழியாகப் பார்ப்பதாக அவனே சொல்லிவிட்டான். நல்ல பிள்ளை.

கடைசியில் சேலம் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போனோம். ஓ.பி. சீட்டுக்குப் பணம் இல்லை, கூட்டம் மட்டும் அதிகம். டாக்டர் டேப்லெட் எதையும் எடுக்கவில்லை. கண், காது பார்க்கச் சொன்னார், தூக்கம் எப்படி என்று கேட்டார், டீச்சருக்கு ஒரு படிவம் கொடுத்தனுப்பினார். வீடு, பள்ளி என இரண்டு இடத்திலாவது தொந்தரவு இருக்கவேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்கவேண்டும், பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்கவேண்டும், அப்போதுதான் கவனக்குறைபாடு என்று சொல்ல முடியுமாம். இருபது நிமிடத்தில் சதவீதம் சொல்கிற விஷயம் இல்லை இது.

என் தொழிலைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "உங்க வேலைப் பலகை சின்னதா இருந்தா என்ன செய்வீங்க? ஒரு நேரத்துக்குக் கொஞ்சமா வெச்சுக்குவீங்க. பையன் மனசும் அந்தப் பலகை மாதிரிதான். பலகையைப் பெருசாக்கறேன்னு சொல்றவங்ககிட்ட காசைக் கொடுக்காதீங்க." ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்வது, சொன்னதை அவன் வாயால் திருப்பிச் சொல்லவைப்பது, காலையில் செய்யவேண்டியதைக் கதவில் படமாக ஒட்டுவது, "மனசுல 3" என்பதை நோட்டின் ஓரத்தில் எழுதவைப்பது, வகுப்பில் முன் பெஞ்ச். பெற்றோருக்கான பயிற்சிக்கு எங்கள் இருவரையும் வரச்சொன்னார். மருந்து தேவையா என்பதை இரண்டு மாதம் கழித்துப் பேசலாம், பயப்படவேண்டாம் என்றார். எங்கம்மா வல்லாரைத் துவையலைப் பற்றிக் கேட்டார். "கீரைதானேம்மா, தாராளமா சாப்பிடட்டும்" என்று டாக்டர் சிரித்தார். பலகை பெரிதாகவில்லை, ஆனால் கூட்டல் இப்போது தப்புவதில்லை.

பணம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். முன்பணம் 18,000, நான்கு தவணை 16,000, முகாம் 9,500 போயிற்று. திருப்பிக் கேட்டபோது ரசீதைப் பார்க்கச் சொன்னார்கள். அதில் 'பயிற்சி' என்ற வார்த்தையே இல்லை, 'மென்பொருள் உரிமம்' என்று இருக்கிறது. விற்றது திரும்பாதாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்த பிறகு, மீதி ஐந்து தவணையை மட்டும் ரத்து செய்தார்கள். கட்டியது வரவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறேன். 5 லட்சம் ரூபாய் வரையான விவகாரத்துக்கு அங்கே கட்டணம் கிடையாது.

சேர்க்கச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் ஒன்று மட்டும் கேளுங்கள்: பயிற்சியில் விளையாடாத வேறு எதில் முன்னேற்றம் காட்டுவீர்கள், அதை வகுப்பு டீச்சர் சொல்வாரா? நான் இதைக் கேட்டபோது அந்த வெள்ளைக் கோட்டுப் பெண் மேனேஜரைக் கூப்பிட்டார். மேனேஜர் காபி வாங்கிக் கொடுத்தார். ஏற்கெனவே சேர்த்துவிட்டவர்கள் நோட்டீஸையும் ரசீதையும் தூக்கிப் போடவேண்டாம், வாட்ஸ்அப்பில் அவர்கள் கொடுத்த வாக்குறுதிகளையும் அழிக்கவேண்டாம். என்னிடம் நோட்டீஸ் இல்லை, பட்டறையில் எதையோ மடிக்கக் கிழித்துவிட்டார்கள். யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், மனுவோடு வைக்கவேண்டும்.