தேய்ந்த வெள்ளி ரூபாய் வாங்குவோரும் விற்போரும் கவனிக்க

வவுனியாவில் பழைய நாணயம் விற்கும் ஒருவர், ஆண்டும் எழுத்தும் தெரியாத அளவுக்குத் தேய்ந்த சில குற்றிகளை, பிரித்தானிய மன்னர் ஐந்தாம் ஜோர்ஜ் காலத்து இந்திய வெள்ளி ரூபாய் என்று உறுதிகூறி எனக்கு விற்றார். அவை ஆறாம் ஜோர்ஜ் காலத்தவை என்பதையும், அவற்றில் பாதியளவே வெள்ளி என்பதையும் கிளிநொச்சியிலுள்ள நகைத் தொழிலாளி ஒருவர் சோதித்துச் சொன்னார். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, தேய்ந்த காசுக்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை என்று விற்றவர் கதவை அடைத்துவிட்டார்.

அவர் காட்டிய ஒரே சான்று தராசு. 1939 வரையிலான ரூபாயில் 91.7 வீதம் வெள்ளி இருந்தது. 1940 முதல் 1945 வரை, ஆறாம் ஜோர்ஜ் காலத்தில், அடிக்கப்பட்டவற்றில் 50 வீதம்தான், மீதி செம்பும் நிக்கலும் துத்தநாகமும். இரண்டுக்கும் எடை 11.66 கிராம் என்பதால் தராசு எதையும் காட்டிக்கொடுக்காது.

முகம் முற்றாக அழிந்தாலும் உருவத்தின் வெளிக்கோடு எஞ்சும். மகுடம் தரித்து இடப்பக்கம் நோக்கும் உருவம் தோளும் அங்கியுமாக அகன்றிருந்தால் ஐந்தாம் ஜோர்ஜ்; கழுத்தோடு நின்றால் ஆறாம் ஜோர்ஜ். மகுடமின்றி வலப்பக்கம் நோக்குபவர் ஏழாம் எட்வேர்ட். பிந்திய, பாதி வெள்ளி ரூபாய்களின் விளிம்பில் நடுவே ஒரு பள்ளக்கோடு ஓடும். எனக்கு விற்கப்பட்டவற்றில் அது அரத்தால் தேய்க்கப்பட்டிருந்ததை உருப்பெருக்கிக் கண்ணாடியில் தெரிந்த இணைகோடுகள் காட்டின. புழக்கத்தில் தேய்ந்த விளிம்பில் அப்படி ஒரே சீரான கீறல்கள் விழுவதில்லை.

ஐயம் இருந்தால் நீரில் சோதிக்கலாம். நூறில் ஒரு கிராம் காட்டும் தராசில் நீர்க் குவளையை வைத்துப் பூச்சியமாக்கி, நூலில் கட்டிய குற்றியை அடியைத் தொடாமல் நீரில் முழுவதும் அமிழ்த்துங்கள். குற்றியின் எடையை அப்போது தராசு காட்டும் அளவால் வகுத்தால், நல்ல வெள்ளிக்கு 10.3 அளவிலும் பாதி வெள்ளிக்கு 9.5 அளவிலும் விடை வரும்.

அக்காலத்தில் இலங்கைக்கெனத் தனி வெள்ளி ரூபாய் இல்லாமல் இந்திய ரூபாயே இங்கும் புழங்கியதால், வன்னியில் பல வீடுகளில் இவை உண்டு. இடப்பெயர்வுகளின்போது முடிச்சில் கட்டிக் காப்பாற்றி வந்தவற்றை, “பாதி வெள்ளிதான்” என்று மலிவாக வாங்கிச் செல்வோரும் இருக்கிறார்கள் என்பதே எனக்கு அதிக வேதனை தருகிறது. வாங்கினாலும் விற்றாலும் மன்னர் பெயரையும் வெள்ளி வீதத்தையும் பற்றுச்சீட்டில் எழுதிக் கேளுங்கள். என்னிடம் விற்றவர் பற்றுச்சீட்டே தரவில்லை. இப்போது மாங்குளம் பக்கத்திலும் வீடு வீடாக வருகிறார் என்று அறிகிறேன்.