டபிள்யூ-8பென் படிவம்: நல்ல படிவம், கெட்ட காலக்கெடு

கல்முனையில் எழுத்துரு வடிவமைத்து அமெரிக்கத் தளங்களில் விற்கும் நண்பர் ஒருவர், "அண்ணன், வியாபாரப் பெயர் பதிந்திருக்கிறேன், எனக்கு எந்தப் படிவம்?" என்று கடந்த வாரம் கேட்டார். மட்டக்களப்பிலிருந்து நிழற்படங்களை விற்று, இந்தப் படிவத்தை அண்மையில் மீண்டும் புதுப்பித்தவன் என்ற வகையில் என் அனுபவத்தை எழுதி வைக்கிறேன்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவிலிருந்து பணம் பெறும் வெளிநாட்டவர், தாம் அமெரிக்கர் அல்லர் என்று காட்ட நிரப்பும் டபிள்யூ-8பென் (W-8BEN) ஒரே பக்கம். அதை அமெரிக்க வரித் திணைக்களத்துக்கு அனுப்பத் தேவையில்லை, நமக்குப் பணம் தருபவரிடம் கொடுத்தாலே போதும். பிரதேச செயலகத்தில் பெயர் பதிந்து தனி ஆளாகத் தொழில் செய்பவரும் இதையே நிரப்பலாம். தனியார் கம்பனியாகப் பதிந்தவருக்கு மட்டுமே எட்டுப் பக்க டபிள்யூ-8பென்-ஈ.

இங்கிருந்தபடியே செய்து கொடுக்கும் சேவைக்கு அமெரிக்க வரி பிடிக்கப்படுவதில்லை. நாம் அமெரிக்கர் அல்லர் என்பதைக் காட்டவே அங்கு படிவம். நிழற்படம், எழுத்துரு போன்றவற்றுக்கு அங்கிருந்து கிடைக்கும் றோயல்டியோ (படைப்பைப் பயன்படுத்தும் உரிமைக்கான கட்டணம்) வேறு கதை: வழமையான பிடித்தம் 30 சதவீதம். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான இரட்டை வரி உடன்படிக்கை அதனை 10 சதவீதமாகக் குறைக்கிறது. அந்தச் சலுகையைக் கோரும்போது படிவத்தின் 6ஏ கட்டத்தில் உள்நாட்டு இறைவரித் திணைக்களம் தந்த வரி செலுத்துநர் இலக்கத்தை எழுத வேண்டும். அடையாள அட்டை இலக்கம் அதற்கு ஈடாகாது. நம் வரி செலுத்துநர் இலக்கத்தை வெளிநாட்டுப் படிவம் ஒன்று மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

என் பொறுமையைச் சோதிப்பது காலாவதி விதிதான். கையொப்பமிட்ட ஆண்டுக்குப் பிந்திய மூன்றாவது ஆண்டின் டிசம்பர் 31 வரையே படிவம் செல்லுபடியாகும். 2022 டிசம்பர் 28 அன்று ஒப்பமிட்டவருக்கு அது 2025 இறுதியில் முடிந்துவிட, ஐந்து நாள் பொறுத்து 2023 ஜனவரி 2 அன்று ஒப்பமிட்டவருக்கு 2026 இறுதிவரை நீடிக்கிறது. ஐந்து நாளுக்கு ஒரு முழு ஆண்டு வித்தியாசம்! முடிவுத் திகதி படிவத்தின் முகப்பில் எங்கும் அச்சிடப்படவில்லை. நான் படம் விற்கும் தளமொன்று என் படிவம் காலாவதியானதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல், ஜனவரிக் கொடுப்பனவில் நூறு டொலருக்கு முப்பதை வெட்டிவிட்டு எழுபதை அனுப்பியது. கூடுதலாகப் போன இருபதைத் திரும்பப் பெற வேண்டுமாயின், அமெரிக்க வரி இலக்கம் ஒன்றை எடுத்து 1040-என்ஆர் என்ற, வெளிநாட்டவருக்கான அமெரிக்க வருமான வரி விவரத்திரட்டையும் சமர்ப்பிக்க வேண்டும். இவ்வளவு சிறிய தொகைக்கு அந்த வேலையை யார் செய்வார்கள்? (வெட்டியதற்கான 1042-எஸ் சான்று மட்டும் ஒழுங்காக வந்து சேர்ந்தது.)

நிரப்புவதற்கு இதைவிட இலகுவான வரிப் படிவத்தை நான் கண்டதில்லை. ஆயினும் இன்றைய மனநிலையில் பத்துக்கு நான்கு புள்ளிகளுக்கு மேல் தர மனம் இடங்கொடுக்கவில்லை. கல்முனை நண்பருக்கு நான் சொன்னது இதுதான்: டிசம்பரில் பணம் ஏதும் வரவிருந்தால் உடனே ஒப்பமிடுங்கள், இல்லையேல் ஜனவரி பிறக்கட்டும், எப்போது ஒப்பமிட்டாலும் முடியும் ஆண்டைக் கைப்பேசி நாட்காட்டியில் அன்றே குறித்துவிடுங்கள், தளம் சொல்லும் என்று காத்திருக்க வேண்டாம்.