விரலால் படித்த செரிமான மண்டல மாடல்: இரண்டு வருடம் பயன்படுத்திய பிறகு

பார்வையற்ற மாணவர்களுக்கு அறிவியல் எடுக்கிறேன். செரிமான மண்டலப் பாடத்துக்காக வாங்கிய பிளாஸ்டிக் மாடல் ஒன்று எங்கள் வகுப்பில் இரண்டு வருடமாக இருக்கிறது. இந்த மாதிரிப் பொருள்களுக்கு எழுதப்படும் மதிப்புரைகளில் நிறம் நன்றாக இருக்கிறது, பார்க்க அசலாக இருக்கிறது என்றுதான் பெரும்பாலும் படித்திருக்கிறேன். எங்கள் வகுப்பில் நிறத்துக்கு வேலையே இல்லை. விரல் வைத்தால் என்ன தெரிகிறது என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கில் இதை எடைபோட்டு யாராவது எழுதியிருந்தால் நான் வாங்கும்போது எனக்கு உதவியிருக்கும். அதனால் நானே எழுதுகிறேன்.

முதலில் அமைப்பு. ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பலகை. அதில் வாய் முதல் ஆசனவாய் வரை ஆள் அளவில், பாதி உடலாக உறுப்புகள் புடைத்து நிற்கின்றன. இரைப்பையின் முன்பாதியும் பெருங்குடலின் குறுக்குப் பகுதியும் கழன்று வரும், காந்தத்தில் ஒட்டும். உறுப்புகளின் மேல் எண்கள் உண்டு, ஆனால் மையில் அச்சடித்தவை, தடவினால் தெரியாது. பிரெய்ல் சீட்டுகளை உறுப்பின் மேலேயே ஒட்டிப் பார்த்தோம். ஒரு மாதத்தில் உரிந்து வந்துவிட்டன, போதாததற்கு உறுப்பின் வடிவத்தையும் மறைத்தன. இப்போது சீட்டுகளைப் பலகையின் ஓரத்தில் வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றிலிருந்தும் உறுப்புக்கு ஒரு நூல் இழுத்திருக்கிறோம். நூலைப் பிடித்துக்கொண்டே போனால் உறுப்பு கைக்கு வந்துவிடும்.

இன்னொரு சிக்கல் எல்லா மாடலுக்கும் பொதுவானது. மாடல் நம்மைப் பார்த்தபடி இருக்கும்போது அதன் வலது நமக்கு இடது. கல்லீரல் வலது பக்கம் என்று சொல்லிவிட்டு இடது கையால் தொட வைத்தால் பிள்ளைகள் குழம்பிப் போகிறார்கள். முதல் வருடம் முழுக்க இதில் திணறினோம். அப்புறம் ஒரு மாணவி தானாகவே பலகையை மடியில் நிறுத்தி, அதன் முதுகைத் தன் நெஞ்சோடு சேர்த்து, பின்னாலிருந்து இரண்டு கையையும் சுற்றிக் கொண்டுவந்து தடவிப் பார்த்தாள். மாடலின் வலதும் அவள் வலதும் ஒன்றாகிவிட்டன. அன்றிலிருந்து எல்லோருக்கும் அப்படித்தான். இப்போது கல்லீரல் எங்கே என்று கேட்டால் கை நேராகத் தங்கள் வலது விலாவின் மேல் போய் நிற்கிறது.

வாயும் தொண்டையும் நன்றாகச் செய்திருக்கிறார்கள். நாக்கின் வேரைத் தாண்டி விரலை இறக்கினால் சின்ன இலை மாதிரி குரல்வளை மூடி தட்டுப்படும். அதற்குக் கீழே பாதை இரண்டாகப் பிரிகிறது. முன்னால் போவது மூச்சுக்கு, பின்னால் போவது உணவுக்கு. இந்த இடத்தில் பிள்ளைகளை மாடலிலிருந்து கையை எடுத்துத் தங்கள் தொண்டையில் வைக்கச் சொல்லி, உமிழ்நீரை விழுங்கச் சொல்வேன். விழுங்கும்போது குரல்வளை மேலே ஏறி இறங்குவது விரலுக்குத் தெரியும். அது மேலே ஏறும்போதுதான் அந்த இலை பின்பக்கம் மடிந்து மூச்சு வழியை மூடுகிறது. மாடலில் அசையாத ஒன்று தன் கழுத்தில் அசைவதை உணர்ந்ததும் வகுப்பே மறுபடி மறுபடி விழுங்கிப் பார்க்கும்.

உணவுக்குழாய்தான் முதல் ஏமாற்றம். கெட்டியான பிளாஸ்டிக் தண்டாக வார்த்திருக்கிறார்கள். "மிஸ், குழாய்னு சொன்னீங்க, இது கம்பி மாதிரி இருக்கே?" என்று ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்வி. உள்ளே எதுவும் இல்லாதபோது உணவுக்குழாய் தட்டையாக ஒட்டிக்கிடக்கும், கவளம் வரும்போது மட்டும் விரிந்து கொடுக்கும். இதைக் காட்ட ஒரு பழைய சைக்கிள் டியூபிலிருந்து 25 சென்டிமீட்டர் வெட்டி எடுத்தேன். பெரியவர்களின் உணவுக்குழாய் ஏறக்குறைய அந்த நீளம்தான். உள்ளே ஒரு கோலிக்குண்டைப் போட்டு, குண்டுக்குப் பின்னால் பிதுக்கிப் பிதுக்கி நகர்த்தச் சொன்னேன். குழாயின் தசைகள் செய்யும் அலைவு இயக்கம் இதுதான். டியூபைத் தலைகீழாகப் பிடித்தும் நகர்த்தினார்கள். தலைகீழாக இருந்தாலும் நம்மால் விழுங்க முடிவது இதனால்தான் என்று நான் சொல்வதற்கு முன்பே அந்தப் பையன் சொல்லிவிட்டான்.

இரைப்பைக்காகவே இந்த மாடலை வாங்கலாம். முன்பாதியைக் கழற்றிவிட்டு உள்ளே விரலை விட்டால் சுவரில் நீளவாட்டில் ஓடும் மடிப்புகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்படும். காலியாக இருக்கும்போது சுருங்கிக் கிடக்கும் இரைப்பை ஒரு லிட்டருக்கும் மேலே பிடிக்கிறது. அப்படி நிரம்பும்போது விரிந்து கொடுப்பவை இந்த மடிப்புகள். கீழ்முனையில் சிறுகுடலுக்குப் போகும் வாயில் தடித்த வளையத் தசையை அழுத்தமாகக் காட்டியிருக்கிறார்கள். மேல்வாயில் அப்படி வளையம் எதுவும் கைக்குப் படவில்லை, மாடலில் விட்டுவிட்டார்களா என்று ஒரு மாணவி கேட்டாள். விடவில்லை. உண்மையிலேயே மேல்வாயில் கீழ்வாயைப் போலத் தடித்த வளையம் கிடையாது. உணவுக்குழாயின் கடைசிப் பகுதி இறுகி நிற்பதும் சுற்றியுள்ள உதரவிதானத் தசை பிடித்துக்கொள்வதும் சேர்ந்துதான் அந்தக் கதவு. அது தளர்ந்தால் அமிலம் மேலே ஏறி நெஞ்செரிச்சல் வருகிறது. இந்த வித்தியாசத்தை வார்ப்பில் சரியாகக் கொண்டுவந்தவர் யாரோ, உடற்கூறு அறிந்தவர்.

இரைப்பைக்குள் விரல் விடும் நேரத்தில் நான் எப்போதும் ஒரு கதை சொல்வேன். 1822-ல் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞருக்கு வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. பிழைத்துக்கொண்டார், ஆனால் இரைப்பைக்குள் போகும் துளை மூடவே இல்லை. அவருக்குச் சிகிச்சை செய்த அமெரிக்க ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட், உணவுத் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி அந்தத் துளை வழியாக இறக்கி, எவ்வளவு நேரத்தில் எது கரைகிறது என்று குறித்து வைத்தார். அவற்றை 1833-ல் புத்தகமாக வெளியிட்டார். இரைப்பையில் நடப்பதில் பெரும்பங்கு வேதியியல் வேலை என்பது அப்படித்தான் உறுதியானது. அந்த இளைஞர் பட்ட சிரமத்தையும் சேர்த்தே சொல்கிறேன். பிள்ளைகள் அதைக் கேட்டதும் விரலை மெதுவாக வெளியே எடுப்பதைக் கவனித்திருக்கிறேன்.

அடுத்தது முன்சிறுகுடல். டியோடினம் என்று பாடத்தில் வருவது. இரைப்பையின் வாயிலிருந்து தொடங்கி 'சி' எழுத்தைப் போல வளைந்து, கணையத்தின் தலையை அணைத்தபடி இருக்கிறது. லத்தீனில் பன்னிரண்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர், பன்னிரண்டு விரல் அகலம் என்ற கணக்கில். பிள்ளைகள் மூன்று பேர் சேர்ந்து ஆளுக்கு நாலு விரலாக வைத்து அளந்தார்கள், ஏறக்குறைய சரியாக வந்தது. இந்தக் குடலைத் திறந்து காட்டியிருக்கிறார்கள். உட்சுவரில் ஒரு மிளகு அளவுக்குச் சிறு மொட்டு இருக்கிறது. கல்லீரலிலிருந்து வரும் பித்தநீரும் கணையநீரும் குடலுக்குள் இறங்கும் இடம் அது. கண்ணால் பார்க்கிறவர்கள் தவறவிடக்கூடிய அளவு சின்னது. எங்கள் வகுப்பில் அதைக் கண்டுபிடிக்காத விரல் இல்லை. இந்த நுணுக்கத்துக்கு முழு மதிப்பெண் தருகிறேன்.

கூடவே வரும் கையேட்டுக்கு அப்படித் தர மனம் வரவில்லை. பித்தப்பை பித்தநீரைச் சுரக்கிறது என்று போட்டிருக்கிறது. சுரப்பது கல்லீரல். பித்தப்பை அதைச் சேமித்து, நீரை உறிஞ்சி அடர்த்தியாக்கி வைத்திருந்து, கொழுப்பு குடலுக்கு வரும்போது பிழிந்து விடுகிறது. மாடல் இதைச் சரியாகக் காட்டும்போது கையேடு தப்பாகச் சொல்வது வருத்தம். இன்னோர் இடத்தில் சிறுகுடலின் உட்பரப்பை விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்கிறது. பழைய பாடப்புத்தகங்களில் எல்லாம் இருந்த கணக்குதான். ஆனால் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இருவர் 2014-ல் மறுபடி அளந்து, செரிமானப் பாதை முழுவதும் சேர்த்தே ஏறக்குறைய 32 சதுர மீட்டர்தான் என்று காட்டினார்கள். எட்டு மீட்டர் நீளமும் நாலு மீட்டர் அகலமும் உள்ள ஓர் அறையின் தரை. அதுவே ஒரு வயிற்றுக்குள் அடங்குவது பெரிய அதிசயம், கூட்டிச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. அவ்வளவு பரப்பு வருவதற்குக் காரணமான, உட்சுவரில் குட்டி விரல்கள் போல நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உயரம் கொண்டவை, மாடலில் காட்ட முடியாது. அதற்கு நூல் வளையங்கள் எழும்பி நிற்கும் பூத்துண்டு ஒன்றைத் தொடக் கொடுக்கிறேன்.

இப்போது பெரிய குறைக்கு வருகிறேன். முன்சிறுகுடல் முடிந்ததும் மாடலில் பாதை தொலைந்துவிடுகிறது. இடைச்சிறுகுடலையும் பின்சிறுகுடலையும் சேர்த்து ஒரே கட்டியாக வார்த்திருக்கிறார்கள். மேலாக நெளிநெளியாக இருக்கும், ஆனால் ஒரு நெளிவைப் பிடித்துக்கொண்டு போனால் பாதியில் பள்ளத்தில் முடிந்துவிடும். கண்ணுக்கு அது குடல் மாதிரி தெரியலாம். விரலுக்கு அது ஒரு மேடு, அவ்வளவுதான். வாயில் தொடங்கி ஆசனவாய் வரை அறுபடாத ஒரே பாதை என்பதைப் பாடத்தின் முதல் வரியாகச் சொல்லிவிட்டு, அந்தப் பாதையில் மிக நீளமான பகுதியில் விரலை எடுக்க வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அதனால் கட்டைவிரல் தடிமனில் 6 மீட்டர் கயிறு வாங்கினேன். இறந்த உடலில் அளந்தால் சிறுகுடல் அந்த அளவுக்கு வரும். உயிரோடு இருக்கும்போது தசையின் இறுக்கத்தால் நீளம் குறைவு. வயிற்றின் அகலத்துக்கு ஓர் அட்டைப் பெட்டி எடுத்து, கயிறு முழுவதையும் அதற்குள் அடுக்கச் சொன்னேன். ஒரு மணி நேரம் போனது. அடுக்கி முடித்துத் திரும்ப இழுத்தால் சிக்கு. "நம்ம வயித்துல ஏன் மிஸ் சிக்கல?" என்று கேட்டாள், முன்பு பலகையை மடியில் வைத்துக்கொண்ட அதே பெண்.

அந்தக் கேள்விக்கு மாடலில் பதிலே இல்லை. குடல் வயிற்றுக்குள் சும்மா மிதப்பதில்லை. விசிறி போன்ற ஒரு சவ்வு மடிப்பு அதை முதுகுப்புறச் சுவரோடு பிடித்து வைத்திருக்கிறது. சுவரில் ஒட்டியிருக்கும் ஓரம் 15 சென்டிமீட்டர் மட்டும், குடலைப் பிடித்திருக்கும் ஓரம் மீட்டர் கணக்கில். இரத்தக் குழாய்களும் நரம்புகளும் அதன் வழியாகத்தான் குடலுக்குப் போகின்றன. எங்கள் பள்ளித் தையல் ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். "அவ்வளவுதானே, சுருக்கு வெச்சுடலாம்" என்றார். ஒரு சாண் அகலமுள்ள மெல்லிய துணியின் ஓர் ஓரத்தில் கயிற்றைத் தைத்து, மறு ஓரத்தைச் சுருக்கிச் சுருக்கி 15 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்துவிட்டார். சுருக்கிய பக்கத்தைப் பிடித்துத் தூக்கினால் கயிறு முழுவதும் மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறது. எப்படி உதறினாலும் முடிச்சு விழவில்லை. இரண்டு வருடத்தில் அந்த வகுப்பில் கிடைத்த சந்தோஷம் வேறு எதிலும் கிடைக்கவில்லை.

பெருங்குடலில் மாடல் மறுபடி தேறிவிடுகிறது. பை பையாகப் புடைத்த வடிவமும், நீளவாட்டில் ஓடும் பட்டைத் தசைகளும் தெளிவாகத் தட்டுப்படுவதால் சிறுகுடலிலிருந்து வேறுபடுத்துவது எளிது. சிறுகுடல் வந்து சேரும் வாயில் இரண்டு உதடுகளைப் போல இருக்கிறது, குடல்வால் அதற்குக் கீழே. வலப்பக்கம் ஏறி, குறுக்கே போய், இடப்பக்கம் இறங்கும் ஒன்றரை மீட்டரையும் விரல் தடங்கலில்லாமல் கடக்கிறது. மலக்குடலையும் திறந்து காட்டியிருக்கிறார்கள்.

பராமரிப்பு பற்றி: வியர்வைக் கை பட்டுப்பட்டு கல்லீரலின் பெயின்ட் உரிந்திருக்கிறது, எங்களுக்கு அதனால் நஷ்டமில்லை. இரைப்பையின் காந்தம் ஒன்று எட்டாவது மாதத்தில் கழன்று விழுந்தது. விற்றவர்களுக்கு மூன்று முறை எழுதிய பிறகு வேறு அளவில் ஒரு காந்தம் அனுப்பினார்கள். கடைசியில் நாங்களே பசை போட்டு ஒட்டிக்கொண்டோம்.

ஐந்துக்கு மூன்றரை தருவேன். பார்வையுள்ள பிள்ளைகளின் வகுப்புக்கென்றாலும் கயிறும் துணியும் சேர்த்தே வாங்குங்கள். செய்கிறவர்கள் இதைப் படித்தால், எண்களைப் புடைப்பாகப் போடுங்கள், சிறுகுடலைத் தனிக் குழாயாகக் கொடுங்கள்.

போன மாதம் முன்சிறுகுடல் முடியும் இடத்தில் ஒரு சின்னக் கொக்கியும், பெருங்குடலின் அந்த உதட்டருகே இன்னொன்றும் ஒட்டினோம். கயிற்றின் இரண்டு முனைகளையும் அவற்றில் மாட்டிவிட்டால், பாதை தொடங்கும் வாயில் வைத்த விரலை ஆசனவாய் வரைக்கும் எங்கேயும் எடுக்க வேண்டியதில்லை.