குளியலறைத் தரை: பளிங்குக் கல்லா, போர்சலின் டைல்ஸா?

குளியலறைத் தரையைத் தேர்ந்தெடுக்கும்போது, அழகுக்கு முன்பாக, ஈரக்காலுடன் நடப்பவர் வழுக்கி விழாமல் இருப்பாரா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அந்த வகையில், பளபளவென்று மெருகேற்றிய பளிங்குக் கல் தொடக்கத்திலேயே பின்தங்கிவிடுகிறது. கால்சியம் கார்பனேட்டால் ஆன அக்கல்லில், கழிப்பறை கழுவும் அமிலம் ஒரு துளி பட்டாலே மெருகு போய், எவ்வளவு துடைத்தாலும் மறையாத மங்கலான தடம் விழும். நீர் ஊறாதிருக்க அவ்வப்போது சீலர் பூசவும் வேண்டும். ஆயினும், கல்லில் இயற்கையாக ஓடும் ரேகைகளின் அழகை அச்சிட்ட டைல்ஸ் முழுமையாக ஈடுசெய்வதில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

போர்சலின் டைல்ஸ் மிகுந்த வெப்பத்தில் சுடப்பட்டு இறுகுவதால், தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சுவதில்லை. பளபளப்பான போர்சலினும் ஈரத்தில் வழுக்கவே செய்யும் என்பதால், சற்றே சொரசொரப்பான மேட் வகையில், வழுக்கல் தடுப்புக் குறியீடு ஆர்10 அல்லது ஆர்11 (எண் கூடினால் வழுக்கல் குறையும்) உள்ளதைக் கேட்டு வாங்குவது நல்லது. இதில் கறை பிடிப்பது பெரும்பாலும் டைல்ஸில் அல்ல, இடைவெளிகளை நிரப்பும் கிரௌட்டில்தான். அங்கே சிமென்ட் கிரௌட்டுக்குப் பதிலாக எபாக்ஸி எனும் செயற்கைப் பிசினால் ஆன கிரௌட் இட்டால் அழுக்கு எளிதில் ஊறாது. முதியவர்களும் குழந்தைகளும் புழங்கும் குளியலறைக்கு நான் தயக்கமின்றிப் போர்சலினையே பரிந்துரைப்பேன். பளிங்கின் மீது ஆசை விடாதவர்கள், நீர் அதிகம் தெறிக்காத சுவரில் அதைப் பதித்துக்கொள்ளலாம்.